கூட வர ஆள் வேண்டாம்

அழகம்மா மூன்று நாள் லீவு கேட்டிருக்கிறாள் என்ற செய்தி பூரணிக்குக் கங்காணி சொல்லித்தான் தெரிந்தது. போயும் போயும் கங்காணி சொல்லி!

செவ்வாய்க்கிழமை காலை, தேயிலைத் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலை. அழகம்மா தண்ணீர் குடிக்க மேலே ரோட்டுக்குப் போயிருந்தாள். பொன்னையா கங்காணி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுக் கேட்டார்.

“என்னா பூரணி, ஒங் கூட்டாளி வர்ற திங்கக்கெழமையிலேருந்து மூணு நாளு லீவு கேட்டிருக்கு. நீயும் சேந்து போறியா? ரெண்டு பேரையும் ஒண்ணா விட்டுட்டு நான் யார வச்சுக் கொழுந்து எடுக்குறது?”

“நான் எங்கயும் போகலிங்க” என்றாள் பூரணி. சொல்லிவிட்டுச் செடிக்குள் முகத்தைப் புதைக்காத குறையாகக் குனிந்துகொண்டாள்.

கொழுந்து மலையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை உண்டு. மேலிருந்து கீழ்வரை அந்த வரிசைச் செடிகள் அவள் பொறுப்பு. பதினாறு வருடமாகப் பூரணியின் நிரையும் அழகம்மாவின் நிரையும் அடுத்தடுத்துத்தான். கங்காணி மாறினார், அவருக்கு மேலே இருக்கிற கண்டாக்கு மாறினார், துரைமார் நாலு பேர் வந்து போனார்கள். இது மட்டும் மாறவில்லை. அழகம்மாவுக்குக் கை கொஞ்சம் மெது. தன் நிரையை முடித்த பூரணி சும்மா நிற்க மாட்டாள். அழகம்மாவின் நிரைக்குள் கீழேயிருந்து புகுந்து, எடுத்துக்கொண்டே மேலேறி, பாதி வழியில் அவளைச் சந்திப்பாள். எடுத்ததை அவள் கூடையிலேயே போடுவாள். யாரும் கேட்டுச் செய்வதில்லை. அழகம்மா ஒரு நாளும் வேண்டாம் என்றதில்லை. நன்றி என்று சொன்னதும் இல்லை. கூட்டாளிக்குள் என்ன நன்றி வேண்டிக்கிடக்கிறது என்று பூரணி நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று முழுக்க அவள் காத்திருந்தாள். பத்து மணித் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தபோது சொல்வாள் என்று பார்த்தாள். அழகம்மா ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுக்கொண்டே, கோழி நாலு நாளாக முட்டையிடவில்லை என்றாள். மத்தியானம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வரிசையில் நின்றபோது சொல்வாள் என்று பார்த்தாள். அங்கே அழகம்மா, கடையில் நல்ல கருவாடு வந்திருக்கிறதாம் என்றாள். கோழியைப் பற்றிச் சொல்ல நேரமிருக்கிறது, கருவாட்டைப் பற்றிச் சொல்ல நேரமிருக்கிறது. பூரணிக்கு வயிறு எரிந்தது.

பூரணி கெட்டவள் இல்லை. ஆனால் தன் ஆள் என்று ஒருத்தியைப் பிடித்துவிட்டால், அந்த ஆள் இன்னொருத்தியோடு நின்று சிரித்தால்கூட அவளுக்குத் தாங்காது. ஒரு தீபாவளிக்கு அழகம்மா வேறு யாரோடோ ஹட்டனுக்குப் போய்ச் சேலை எடுத்துவிட்டாள் என்று ஒன்பது நாள் பேசாமல் இருந்தவள் அவள். அந்த ஒன்பது நாளும் நிரையை மட்டும் முடித்துக் கொடுத்தாள், வாயைத் திறக்காமல்.

கல்யாணமாகிப் பதினான்கு வருடம். பிள்ளை இல்லை. கணவன் விஜிதரன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். நல்ல மனுஷன், பேச்சுதான் குறைவு. சாமிக்கு நேந்துக்கோ, அந்த வைத்தியரைப் பார் என்று யாராவது யோசனை சொல்ல வந்தால், “ஒங்க வேலயப் பாத்துக்கிட்டுப் போங்க” என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிடுவாள். அவளைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்ல அந்தத் தோட்டத்தில் எவளுக்கும் தைரியம் கிடையாது. அழகம்மா மட்டும் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அதனாலேயே அவள் பூரணிக்கு அவ்வளவு வேண்டியவளாகிப் போனாள்.

சாயங்காலம் பூரணி பாதித் தேங்காய் கைமாற்றுக் கேட்கிற சாக்கில் அழகம்மா வீட்டுக்குப் போனாள். லயத்து வரிசை வீடுகளில் மூன்றாவது காம்பிரா. அழகம்மா தண்ணீர் கொட்டுகிற பீலிக்குக் குளிக்கப் போயிருந்தாள். மாமியார் ராக்காயி விறகுக்குப் போயிருந்தாள். அந்த வீட்டில் பூரணிக்குக் கதவு தட்டும் பழக்கமெல்லாம் இல்லை. நேரே உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியில், கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைப் போட்டு மூடி, ஏதோ ஒன்று புடைத்துக்கொண்டு கிடந்தது.

இழுத்துப் பார்த்தாள். சிவப்புப் பை. வெள்ளைக்காரர்கள் முதுகில் மாட்டிக்கொண்டு தேயிலைக்குள் நடந்து போவார்களே, அந்த மாதிரி, பத்துப் பதினைந்து வாரும் கொக்கியும் வைத்தது. திறந்தாள். ஒரு கம்பளி. ஒரு மழைச் சட்டை. இரண்டு கால்சட்டை. கால்சட்டை! அழகம்மா கால்சட்டை போட்டு யார் பார்த்தது? அட்டைக்கடிக்கு ஒரு பொட்டலம் உப்பு. ஒரு தட்டு. ஒரு டம்ளர்.

பூரணி பையின் அடிவரை கையை விட்டுத் துழாவினாள். டம்ளர் ஒன்றுதான் இருந்தது.

பையைப் பழையபடி தள்ளிவிட்டு எழுந்தபோது வாசலில் நிலக்ஷி நின்றாள். கடைசிக் காம்பிராப் பெண், இருபத்திரண்டு வயது. பொகவந்தலாவை டவுனில் ஒரு விடுதியில் வேலை. வருகிற வெளிநாட்டுக்காரர்களை மலைப்பாதையில் கூட்டிக்கொண்டு போவாள். கையில் ஒரு தாள் வைத்திருந்தாள்.

“அழகம்மா அக்கா இல்லியா? இந்த வழிப் படத்தக் குடுக்க வந்தேன்” என்றாள். பிறகு சிரித்தாள். “ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லியிருப்பாங்களே அக்கா, பயணத்தப் பத்தி.”

“சொன்னா, சொன்னா” என்றாள் பூரணி. அந்த நேரத்தில் அவள் முகம் சிரித்தபடியே இருந்ததற்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும். “எங்கிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்லப் போறா? ஆனா வழியெல்லாம் அவளுக்கே சரியா சொல்லத் தெரியல. நீ சொல்லு.”

நிலக்ஷி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை விடியக் கிளம்பி, அழகம்மா தனியாக மலையேறி இறங்கி டயகமவுக்குப் போகிறாள். அங்கே சின்னம்மா வீட்டில் தங்கல். திங்கட்கிழமை காட்டு வழி. செவ்வாய்க்கிழமை ஒஹியா. புதன்கிழமை அங்கிருந்து ரயிலேறி ஹட்டன். ஆறு மாதமாக இதைத்தான் இரண்டு பேரும் திட்டம் போட்டார்களாம்.

“மொத்தத்தையும் தனியாத்தான் போவேன்னு நின்னாங்க அக்கா. நான்தான் காட்டுக்குள்ள ஒத்தையா விடமாட்டேன்னுட்டேன். அப்புறம் மலையில நடக்குறவங்களோட குரூப் ஒண்ணு போன்ல இருக்கு, அதுல போட்டு ரெண்டு பேரப் புடிச்சோம். பதுளையில ஒரு நர்ஸ், கண்டியில ஒரு டீச்சர். டயகமயில வந்து சேந்துக்குவாங்க. நல்லாப் பேசுறாங்க. தெனமும் அழகம்மா அக்கா அவுங்களோட போன்ல பேசி ஒரே சிரிப்பு.”

“செல்லசாமி என்னா சொன்னாரு?” செல்லசாமி அழகம்மாவின் புருஷன், கொழும்பில் கடை வேலை.

“அண்ணன் போயிட்டு வான்னு சொல்லிட்டாரு. மாமியாகிட்ட மட்டும் சின்னம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லியிருக்காங்க.”

ஆக, கொழும்பில் இருக்கிற புருஷனுக்குத் தெரியும். நேற்றுப் பிறந்த நிலக்ஷிக்குத் தெரியும். முகம் பார்க்காத பதுளைக்காரிக்குத் தெரியும், கண்டிக்காரிக்குத் தெரியும். பதினாறு வருடம் பக்கத்து நிரையில் நின்றவளுக்குத் தெரியாது. பூரணி தேங்காய் வாங்காமலே வீட்டுக்குப் போனாள். காட்டுக்குள் ஆள் வேண்டுமென்றால் எதிர்க் காம்பிராவில் ஆள் இல்லையா? அழகம்மாவுக்குப் பனி பட்டால் இடது முழங்கால் பிடித்துக்கொள்ளும். அதற்கு எண்ணெய் தேய்த்துவிடப் பதுளைக்காரிக்குத் தெரியுமா? அவள் நர்ஸ், தெரியும்தான். அதை நினைத்ததும் இன்னும் எரிந்தது.

மறுநாள் காலை பீலிக்கரையில் ராக்காயி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அறுபத்தைந்து வயதிலும் குடத்தை யாரிடமும் கொடுக்காதவள். தானாகவே ஆரம்பித்தாள்.

“என்னா பூரணி, ஒங் கூட்டாளி டயகமக்கு நடந்து போறாளாம்ல? பஸ்ஸு ஓடுற ஊருல நடந்து போவானேன்? கேட்டா மூஞ்சியக் குடுத்துப் பேச மாட்டேங்குறா.”

பூரணி யோசித்துச் சொன்னாளா, யோசிக்காமல் சொன்னாளா என்று பின்னால் அவளே எத்தனையோ தடவை தன்னைக் கேட்டுக்கொண்டாள். யோசித்துத்தான் சொன்னாள். ராத்திரி முழுக்க யோசித்த ஆளுக்கு யோசிக்கவில்லை என்று சொல்ல வழியில்லை.

“பெரியம்மா, நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க. அது நேர்த்தி. டயகம மாரியம்மனுக்கு நடந்து வர்றேன்னு ஒங்க மருமக நேந்திருக்கா.”

இந்த மலைகளில் வேலையில்லாமல் யாரும் நடப்பதில்லை. கொழுந்துக்கு நடப்பார்கள், விறகுக்கு நடப்பார்கள், சாமிக்கு நடப்பார்கள். சும்மா பார்ப்பதற்காக ஒருத்தி மலையேறுவாள் என்று சொன்னால் ராக்காயி நம்பியிருக்க மாட்டாள். நேர்த்தி என்றதும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நேர்த்தி நடைக்கு இரண்டு சட்டம் உண்டு. என்ன நேந்தோம் என்று நேந்தவள் வாயால் சொல்லக் கூடாது. கூட வருகிறேன் என்று வருகிறவர்களை வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது. பூரணிக்கு வேண்டியது அந்த இரண்டாவது சட்டம்தான். கூப்பிடாமலே கூடப் போக வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

அவள் கணக்கில் ஒரு பிழை இருந்தது. கூட வருகிற உரிமை அவளுக்கு மட்டுமே உரியது இல்லை.

புதன்கிழமை மத்தியானத்துக்குள் ஆறு பேர். வியாழக்கிழமை காலை, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் ஒன்பது பேர். மேட்டு லயத்திலிருந்து ஒருத்தி தன் தங்கச்சியையும் சேர்த்துப் பேர் கொடுத்தாள். கடைசியில் பதினான்கு பேர். பதினான்காவது ஆள் ராக்காயியே. மஞ்சள் சேலைகள் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. யார் பொங்கல் பானை தூக்குவது என்று இரண்டு பேருக்குள் சண்டைகூட வந்துவிட்டது.

அழகம்மா மறுக்காமல் இல்லை. “அய்யோ, நேர்த்தியெல்லாம் ஒண்ணும் இல்ல. நான் சும்மாதான் போறேன்” என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்.

“ஆமா ஆமா, சும்மாதான் போற” என்று பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்கள். நேந்தவள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்பது ஊரறிந்தது. அவள் இல்லை என்று சொல்லச் சொல்ல நேர்த்தி பெரிதாகிக்கொண்டே போனது. புருஷனுக்குக் கொழும்பில் உடம்புக்கு முடியவில்லையாம் என்றுகூட ஒரு கதை கிளம்பிவிட்டது.

பூரணிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “எல்லாரும் போறீங்க, நான் மட்டும் இங்க இருந்து என்னா செய்ய? நானும் வர்றேன்” என்றாள். அழகம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். அதில் என்ன இருந்தது என்று பூரணிக்குப் பிடிபடவில்லை. பிடிபடாதது நல்லதுதான் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மலையில் அழகம்மாவின் கை வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. பூரணி தன் நிரையை முடித்துவிட்டு, கீழேயிருந்து அவள் நிரைக்குள் புகுந்து எடுத்துக்கொண்டே ஏறினாள். பாதியில் சந்தித்தபோது அழகம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

“நான் போகலடி” என்றாள். “நிலக்ஷிகிட்ட சொல்லிட்டேன். பதுளைக்காரங்களுக்கும் சொல்லச் சொல்லிட்டேன். அவ குடுத்த பையத் திருப்பிக் குடுத்துர்றேன்.”

பூரணியும் கூடையை இறக்கினாள். “ஏன்டி? நாங்கதான் இத்தன பேரு வர்றோமே.”

“அதான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?” பூரணியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “கங்காணி சொல்லித் தெரியுது எனக்கு. அந்தச் சின்னப் புள்ளைகிட்ட சொல்லியிருக்க. எவளோ பதுளைக்காரிகிட்ட சொல்லியிருக்க. நான் என்னாடி பாவம் செஞ்சேன் ஒனக்கு?”

அழகம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பூரணி சமாளித்திருப்பாள். அது கோபமில்லை.

“ஒன்னக் கூப்புட்டா நீ வருவ. அதான் கூப்புடல.”

“வந்தா என்னா?”

“வந்தா நீதான் பையத் தூக்குவ. நீதான் முன்னால நடப்ப. எனக்கு மூச்சு வாங்குறதுக்கு முந்தியே, ஒக்காருடின்னு சொல்லிருவ. நான் என்னா திங்கணும், எப்பத் தண்ணி குடிக்கணும், எல்லாம் நீ பாத்துக்குவ. பூரணி, பதினாறு வருசமா இந்த நெரைய நான் ஒரு நாளு கடைசி வரைக்கும் எடுத்ததில்ல. தெரியுமா ஒனக்கு? மடுவத்துல எம் பேருல எத்தன கிலோ சொன்னாலும், அதுல என்னுது எவ்வளவுன்னு எனக்கே தெரியாது.”

“நான் ஒதவிக்குத்தானே...”

“ஒதவிதான். யாரு இல்லன்னா?” அழகம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஆறு மாசத்துக்கு முந்தி ஒரு வெள்ளக்காரப் புள்ள தனியா இந்தப் பக்கமா வந்துச்சுல்ல, டயகமக்கு வழி கேட்டு? அது அந்த முகட்டத் தாண்டி எறங்குனதப் பாத்துக்கிட்டே நின்னேன். பொறந்ததுலேருந்து அந்த முகட்டப் பாக்குறேன். அந்தப் பக்கம் இந்தக் காலால எறங்குனதில்ல. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, யாரும் கையப் புடிக்காம நான் எவ்வளவு தூரம் போவேன்னு பாக்கணும்னு ஆச வந்துருச்சுடி. முடியாட்டி திரும்பி வந்துருவேன். அதையும் நானே முடிவு பண்ணணும்.”

“அப்ப அந்தப் பதுளைக்காரி?” என்றாள் பூரணி. இத்தனைக்குப் பிறகும் அதைத்தான் கேட்டாள். பொறாமைக்கு வெட்கம் கிடையாது.

“அவளுக்கு என்னயத் தெரியாதுல்ல. நான் பின்னால நின்னா, நிக்கிறான்னு விட்டுட்டுப் போயிருவா.” அழகம்மா எழுந்து கூடையை மாட்டிக்கொண்டாள். “விடு. நேர்த்தின்னு எந்தப் புண்ணியவதி கெளப்பி விட்டாளோ. அவ நல்லா இருக்கட்டும்.”

நல்லா இருக்கட்டும் என்று அவள் மனதாரத்தான் சொன்னாள். சாபம் போட்டிருந்தால்கூடப் பூரணிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மடுவத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் அவளுக்குள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். போகாவிட்டால் நல்லதுதானே, பதுளைக்காரியின் சிரிப்பும் இல்லை ஒன்றும் இல்லை, திங்கட்கிழமை வழக்கம்போல் பக்கத்து நிரையில் நிற்பாள் என்று ஒருத்தி சொன்னாள். நிற்பாள், ஆனால் உன் பக்கம் திரும்ப மாட்டாள் என்று மற்றவள் சொன்னாள். இரண்டாவது ஆள் சொன்னதுதான் உண்மை என்று பூரணிக்குத் தெரிந்திருந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம். நான்தான் பொய் சொன்னேன், நேர்த்தி இல்லை என்று. ஆனால் நேர்த்தி இல்லையென்றால் எதற்கு நடக்கிறாள் என்ற கேள்வி வரும். சும்மா மலை பார்க்க என்று தெரிந்தால் ராக்காயி மருமகளை வாசல்படி தாண்ட விட மாட்டாள். பொய்யை எடுக்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. அதை இடம் மாற்றத்தான் முடியும். எங்கே மாற்றுவது என்று யோசித்தபோது ஒரே ஓர் இடம்தான் தெரிந்தது. அங்கே கை வைக்க இத்தனை வருடமாக அவள் யாரையும் விட்டதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ராக்காயி வீட்டு வாசலில் பெண்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். பொங்கலுக்கு அரிசி, வெல்லம், பாதையில் குடிக்கத் தண்ணீர் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. அழகம்மா உள்ளே அடுப்படியில் இருந்தாள். போக மாட்டேன் என்று மாமியாரிடம் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

பூரணி நடுவில் போய் நின்றாள்.

“பெரியம்மா, ஒரு விசயம். நேர்த்தி அழகம்மாவுது இல்ல. என்னுது.”

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“வலப்பனையில எங்க அம்மா வீட்டுப் பக்கம் ஒரு சாமியாடி இருக்காரு. அவரு குறி சொன்னாரு. நான் கீழ ரோட்டு மாரியம்மனுக்கு நடக்கணும், எத்தன பேரு வேணும்னாலும் கூட வரலாம். எனக்காக மனசு வச்ச ஒருத்தி, மேல இருக்குற டயகம மாரியம்மனுக்கு நடக்கணும். அவ ஒத்தையாத்தான் போகணும். கூட ஒரு ஆளு போனாலும் பலிக்காது. அழகம்மா எனக்காகத்தான் ஒத்துக்கிட்டா. நான்தான் வெக்கப்பட்டுக்கிட்டு மாத்திச் சொல்லிட்டேன்.”

எதற்கு நேந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லை. பதினான்கு பெண்களின் கண்களும் ஒரே நேரத்தில் அவள் வயிற்றுக்குப் போய்த் திரும்பின. பதினான்கு வருடமாகப் பூரணி வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்த அந்த இரக்கம் மொத்தமும் ஒரே மூச்சில் உள்ளே வந்துவிட்டது.

“இதுக்குப் போயி வெக்கப்படுவாளா ஒருத்தி” என்று ராக்காயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். “முன்னமே சொல்லியிருக்கக் கூடாதாடி, ஏம் புள்ள? அடுத்த வருசம் இந்நேரம் ஒங் கையில ஒண்ணு இருக்கும், பாரு.” யாரோ அவள் தலையைத் தடவினார்கள். யாரோ ஐயோ பாவம் என்றார்கள். பூரணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அடுப்படி வாசலில் அழகம்மா வந்து நின்றிருந்தாள். கையில் அகப்பை. எல்லாம் கேட்டிருக்கிறாள். நேர்த்திக் கதையை முதலில் கிளப்பியது யார் என்பதும் அவளுக்கு இப்போது விளங்கியிருக்கும். பூரணி அவள் கண்ணைப் பார்க்காமல், “நாளைக்கு வெள்ளனக் கெளம்பிரு” என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் விஜிதரனுக்குச் செய்தி அவளுக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. சோறு போடும்போது அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். “நெசமாவே நேந்துக்கிட்டியா?” என்று கேட்டான். அந்தக் குரலில் இருந்த ஆசையை இத்தனை வருடத்தில் அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் இன்னும் ஒரு கரண்டிக் குழம்பு ஊற்றினாள்.

ராத்திரியே நிலக்ஷி பதுளைக்கும் கண்டிக்கும் போன் போட்டு, பயணம் உண்டு என்று மறுபடி சொல்லிவிட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் லயத்து வாசலில் கூட்டம் கூடியது. மஞ்சள் சேலைகளுக்கு நடுவில் அழகம்மா கால்சட்டையும் மழைச் சட்டையும் சிவப்புப் பையுமாக வந்து நின்றாள். சாமியாடி சொன்ன உடுப்பு போலிருக்கிறது என்று அதற்கும் யாரோ ஒருத்தி விளக்கம் கொடுத்தாள். அழகம்மா பூரணியிடம் வந்தாள்.

“நீதானா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“நான்தான்” என்றாள் பூரணி.

“வந்து வச்சுக்கிறேன் ஒன்ன” என்றாள் அழகம்மா. சிரித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பையின் வாரை இழுத்து இறுக்கிக்கொண்டு மேல் பாதையில் ஏறினாள். ஒரு வார் முறுக்கிக்கொண்டு கிடந்தது. அதைச் சரிசெய்யப் பூரணியின் கை தானாக நீண்டது. நீண்ட கையை அவள் மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

பூரணியின் கூட்டம் கீழ் ரோட்டில் இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் அவள் திரும்பித் திரும்பி மேலே பார்த்தாள். தேயிலைக்கு நடுவில் சிவப்பு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் ஏறியது. ஓர் இடத்தில் நின்றது. முழங்கால் பிடித்துக்கொண்டதோ என்று பூரணிக்குப் பதறியது. பிறகு மறுபடி ஏறியது. ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று கடைசி வளைவுவரை காத்திருந்தாள். திரும்பவில்லை. முகட்டில் கொஞ்சம் தெரிந்தது, அப்புறம் அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. அங்கே டயகமவில் நாளைக்குப் பதுளைக்காரி காத்திருப்பாள் என்ற நினைப்பு பூரணிக்கு வந்தது. இவ்வளவு செய்த பிறகாவது இந்த எரிச்சல் போகும் என்று நினைத்திருந்தாள். அது எங்கேயும் போகவில்லை.

மாரியம்மன் கோயிலில் பொங்கல் பொங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். ராக்காயி அவளைத் தள்ளிக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினாள். பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு கேட்டார். “அர்ச்சன யாரு பேருக்கு?”

“அழகம்மா” என்றாள் பூரணி. “கேட்டை நட்சத்திரம்.”

“ஒம் பேரச் சொல்லுடி” என்று ராக்காயி இடித்தாள்.

“மொதல்ல அவ பேருக்கு, பெரியம்மா. எனக்காகத்தானே நடக்குறா.”

பூசாரி மணியை ஆட்டினார். பெண்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பூரணிக்குப் பிள்ளை வேண்டும் என்று உருகினார்கள். பூரணியும் கண்ணை மூடினாள். சாமியிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாததால் எப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“ஆத்தா” என்று வாய்க்குள் சொன்னாள். “அவ நல்லபடியாப் போய்ச் சேரணும். முழுத் தூரமும் அவளே நடக்கணும். கால் வலிக்கக் கூடாது.”

கொஞ்சம் நிறுத்தினாள். நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை.

“ஆனா ஆத்தா, ஒரு எடத்துல, ஒரே ஒரு எடத்துல, பூரணி இல்லியேன்னு அவளுக்குத் தோணணும்.”